முதலில் கூட்டிப் பாருங்கள்: பழைய பேஸ்பால் பதிவு படிக்க வருவோருக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

பேஸ்பாலை நேரில் பார்க்காமல், அதன் பழைய ஆட்டப் பதிவுகளைப் படிக்க ஆசைப்படும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்க நாளிதழ்களில் ஆட்டத்துக்கு மறுநாள் பொடி எழுத்தில் வரும் அட்டவணைக்கு பாக்ஸ் ஸ்கோர் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அதற்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகையாளர். இங்கிலாந்தில் பிறந்து, நியூயார்க் வட்டாரத்தில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். ஆகவே கிரிக்கெட் ஸ்கோர்கார்டில் பழகிய கண்ணுக்கு இந்த அட்டவணை முழு அந்நியமாக இராது.

பாடத்துக்கு ஓர் ஆட்டம் வேண்டும். 1959 மே 26, செவ்வாய் இரவு, மில்வாக்கி கவுன்ட்டி ஸ்டேடியத்தில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸும் மில்வாக்கி பிரேவ்ஸும் ஆடிய ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பார்வையாளர்கள் 19,194 பேர். ஆட்ட நேரம் 2 மணி 54 நிமிடம். பிட்ஸ்பர்க்குக்கு ஹார்வி ஹாடிக்ஸ், மில்வாக்கிக்கு லூ பர்டெட் பந்து வீசினார்கள். பதிவு படிக்கப் பழக இதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியாது.

1. இன்னிங்ஸ் வரியை வாய்விட்டுப் படியுங்கள்

பிட்ஸ்பர்க் 000 000 000 000 0 – 0 12 1
மில்வாக்கி 000 000 000 000 1 – 1 1 0

முதலில் வருபவை இன்னிங்ஸ்வாரி ரன்கள். கோட்டுக்குப் பின்னால் உள்ள மூன்றும் மொத்த ரன், ஹிட் (அடித்து பேஸை அடைந்தது), எரர் (ஃபீல்டரின் தவறு). வழக்கமான ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸில் முடிந்துவிடும். சமமாக நின்றால் நீளும். இது பதின்மூன்று வரை நீண்டது.

வாய்விட்டுப் படிக்கும்போது எங்கே நாக்கு தயங்குகிறதோ அங்கே ஒரு கேள்வி இருக்கிறது. பன்னிரண்டு ஹிட் அடித்தவர்கள் ஏன் ஒரு ரன்கூட எடுக்கவில்லை? ஒரே ஹிட் அடித்தவர்கள் எப்படி ஜெயித்தார்கள்? பிட்ஸ்பர்க்கின் அந்த ஒரு எரர் எங்கே, எப்போது நடந்தது? மூன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி இல்லாமல் அட்டவணைக்குள் இறங்கினால் பெயரும் எண்ணும்தான் கண்ணில் படும்.

2. வியப்பதற்கு முன் கூட்டிப் பாருங்கள்

என்னிடம் கேட்டால், மற்ற பதினொன்றையும் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. பேட் பிடிக்க வரும் ஒவ்வொருவருக்கும் மூன்றே முடிவுகள் உண்டு. நான்கு பேஸ்களையும் சுற்றி வந்து ரன் எடுப்பார். அல்லது அவுட் ஆவார். அல்லது இன்னிங்ஸ் முடியும்போது ஏதாவது ஒரு பேஸில் நின்றுகொண்டிருப்பார். நான்காவது வழி கிடையாது. ஆகவே ஓர் அணியின் பதிவு சரியா என்று பார்க்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் வந்தவர்கள், மறுபக்கம் அவர்கள் போன இடம்.

வந்தவர்களை எண்ண, அட்-பேட் எண்ணிக்கையோடு, அதில் சேராத வாக் (தவறான பந்துகளால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்), சாக்ரிஃபைஸ் (தான் அவுட் ஆகி, பேஸில் இருப்பவரை முன்னேற்றுவது), பந்து உடலில் பட்டு பேஸ் பெற்றவர்கள் ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். போன இடத்தை எண்ண, ரன், பேஸில் நின்றுபோனவர்கள், எதிரணி எடுத்த அவுட் மூன்றையும் கூட்ட வேண்டும். இரண்டு கூட்டலும் சமமாக வர வேண்டும். மாலையில் கல்லாவையும் கணக்கு நோட்டையும் ஒத்துப் பார்க்காமல் கடைக்காரர் கதவைச் சாத்துவதில்லை. நீங்களும் அப்படியே இருங்கள்.

பிட்ஸ்பர்க்கைப் பாருங்கள். அட்-பேட் 47. வாக் இல்லை, சாக்ரிஃபைஸ் இல்லை. வந்தவர்கள் 47. ரன் 0, பேஸில் நின்றவர்கள் 8, பதின்மூன்று இன்னிங்ஸுக்கு அவுட் 39. கூட்டினால் 47.

மில்வாக்கிக்கு அட்-பேட் 38, வாக் 1, சாக்ரிஃபைஸ் 1. வந்தவர்கள் 40. ரன் 1, பேஸில் நின்றவர் 1, அவுட் 38. கூட்டினால் 40.

கணக்கு நேராகிவிட்டது. இனி அந்த எண்களோடு பேசலாம். நேராகாத பதிவும் கையில் வரும். அப்போது அச்சுப் பிழையா, கூட்டல் பிழையா, பாதியில் உள்ளே வந்த ஆட்டக்காரர் விடுபட்டாரா என்று தேடுங்கள். அந்தத் தேடலிலேயே பாதி ஆட்டம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

3. பின்னத்தை விட்டுவிடாதீர்கள்

ஹாடிக்ஸின் பெயருக்கு எதிரே 12⅔ இன்னிங்ஸ் என்று இருக்கும். பின்னத்தின் மேலெண் அந்த இன்னிங்ஸில் விழுந்த அவுட்டைக் காட்டுகிறது. பன்னிரண்டு இன்னிங்ஸுக்கு 36, மேலே 2, ஆக 38 அவுட். பர்டெட்டுக்கு முழுதாக 13.

அந்த ஒற்றை அவுட் வித்தியாசத்தில் ஆட்டத்தின் முடிவு எழுதியிருக்கிறது. உள்ளூர் அணி கடைசியாக பேட் செய்கிறது. வெற்றி ரன் வந்த நொடியில் ஆட்டம் நின்றுவிடும். பாக்ஸ் ஸ்கோரின் அடியில் இதைத் தனி வரியாகவும் போடுவார்கள்: வெற்றி ரன் வந்தபோது இரண்டு அவுட் என்று. தொடக்கக்காரர்கள் தாண்டிப் போகும் வரி அது. அடிக்குறிப்புகளைத் தாண்டாதீர்கள்; அட்டவணைக்குள் அடங்காத சங்கதிகளைத்தான் கீழே போட்டிருப்பார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். 36 என்பது ஒன்பதின் நான்கு மடங்கு. ஹாடிக்ஸ் முதல் பன்னிரண்டு இன்னிங்ஸில் எதிர்கொண்டது 36 பேட்டர்களை. 36 பேரும் அவுட். எட்டுப் பேரைப் பந்தை அடித்தாட விடாமலேயே அவுட் ஆக்கினார் (ஸ்ட்ரைக்-அவுட்). பேட்டிங் வரிசை நான்கு முழுச் சுற்று வந்தும் ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. ஆகவே பதின்மூன்றாவது இன்னிங்ஸ் மறுபடியும் வரிசையின் முதல் இடத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். பதிவைப் பாருங்கள்: மேலே உள்ள நால்வருக்கு மட்டும் ஐந்தாவது வாய்ப்பு, மற்ற ஐவருக்கு நான்கே. ஆட்டத்தைப் பார்க்காமலேயே இவ்வளவும் சொல்ல முடிகிறது.

4. தோற்ற அணியின் பேட்டிங்கை முதலில் படியுங்கள்

எல்லாரும் வென்றவர்களிடம்தான் முதலில் போவார்கள். நீங்கள் மறுபக்கம் போங்கள். பிட்ஸ்பர்க் பேட்டர்களில் டிக் ஸ்கோஃபீல்டுக்கு மூன்று ஹிட், ராக்கி நெல்சனுக்கும் டான் ஹோக்குக்கும் இரண்டிரண்டு. ஹாடிக்ஸே ஒன்று அடித்திருக்கிறார். பன்னிரண்டும் சிங்கிள், அதாவது ஒரு பேஸ் அடி. இரண்டு பேஸ், மூன்று பேஸ் அடிகளுக்கான அடிக்குறிப்பில் பிட்ஸ்பர்க் பெயரே இல்லை.

பன்னிரண்டு பேர் பேஸுக்குப் போனார்கள், எட்டுப் பேர் நின்றுபோனார்கள், ரன் இல்லை. மீதி நான்கு பேர் எங்கே? மில்வாக்கி மூன்று டபுள் பிளே எடுத்தது என்று கீழே இருக்கிறது. ஒரே அடியில் இரண்டு பேரை வீழ்த்துவது அது. நான்காமவர் ரோமன் மெஹியாஸ். மூன்றாவது இன்னிங்ஸில் முதல் பேஸிலிருந்து மூன்றாம் பேஸ் வரை ஓடப் பார்த்து அவுட் ஆனார். அந்த இன்னிங்ஸில் மட்டும் மூன்று சிங்கிள் விழுந்தும் ரன் வரவில்லை.

பர்டெட்டின் வரியில் வாக் 0, ஸ்ட்ரைக்-அவுட் 2. ஹிட் கொடுத்தார், இலவசமாக எதையும் கொடுக்கவில்லை. பேட்டர்களைத் திணறடிக்காமல், அடிக்கவிட்டுத் தரையில் பந்தை உருளச் செய்து, தன் ஃபீல்டர்களை நம்பி வேலை முடித்த பிட்சர் இப்படித்தான் எண்ணில் தெரிவார். ஹாடிக்ஸை மட்டும் பார்த்தவர்கள் அன்று நடந்ததைப் பாதிதான் பார்த்தார்கள். மறுமுனையில் ஒருவர் பன்னிரண்டு ஹிட் வாங்கியும் சளைக்காமல் நின்றிருக்காவிட்டால் ஆட்டம் ஒன்பதாவது இன்னிங்ஸிலேயே முடிந்து, ஹாடிக்ஸ் பெயர் வேறொரு பட்டியலில் ஏறியிருக்கும்.

5. ஹிட்டும் எரரும் ஒரு மனிதரின் தீர்ப்பு

ரன்னை எவரும் எண்ணலாம். ஹிட்டை எண்ண ஒருவர் தீர்மானிக்க வேண்டும். பேட்டர் அடித்து முதல் பேஸை அடைந்தார். அது அவருடைய சாமர்த்தியமா, ஃபீல்டரின் தவறா? அதிகாரபூர்வ ஸ்கோரர் என்பவர் சொல்லுவார். 1950-களில் அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் நாளிதழ்களின் பேஸ்பால் நிருபர்கள்தான். பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து செய்தியும் எழுதினார்கள், தீர்ப்பும் சொன்னார்கள்.

பதின்மூன்றாவது இன்னிங்ஸின் முதல் பேட்டர் ஃபீலிக்ஸ் மன்டியா. மூன்றாம் பேஸில் நின்ற ஹோக்கிடம் தரையோடு அடித்தார். ஹோக் பந்தை எடுத்தார். முதல் பேஸுக்கு எறிந்தது தாழ்ந்துபோனது. எரர் என்று எழுதப்பட்டது. 36 பேரின் தொடர் அங்கே முறிந்தது, ஆனால் ஹாடிக்ஸுக்கு எதிராக ஹிட் இன்னும் விழவில்லை.

இது சந்தேகமில்லாத எரர். சந்தேகத்துக்கு இடமான அடிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. எரர் என்பதற்குப் பதில் ஹிட் என்று எழுதினால் ஸ்கோர் மாறாது. பேட்டரின் சராசரி மாறும், ஃபீல்டரின் கணக்கு மாறும், பிட்சரின் தலையில் அந்த ரன் ஏறும். பதிவில் எந்தெந்த எண் எண்ணப்பட்டது, எது தீர்மானிக்கப்பட்டது என்று பிரித்தறியப் பழகுங்கள். இரண்டும் ஒரே மாதிரி அச்சாகியிருப்பதால் ஒரே உறுதி என்று நினைத்துவிடாதீர்கள்.

6. எந்த நாள் பதிப்பு என்று பாருங்கள்

மன்டியாவுக்குப் பின் எடி மேத்யூஸ் சாக்ரிஃபைஸ் செய்து அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார். அடுத்து ஹேங்க் ஆரன். அவருக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்தார்கள். அடுத்தவர் ஜோ ஆட்காக். வலது-நடுப் பக்கத்தில் வேலிக்கு வெளியே அடித்தார். மூன்று பேர் சுற்றி வர வேண்டும்; 3–0.

ஆனால் ஆரன், பந்து மைதானத்துக்குள்ளேயே விழுந்தது என்று எண்ணி, மன்டியா ரன் எடுத்ததோடு ஆட்டம் முடிந்தது என்று ஓட்டப் பாதையை விட்டு விலகிப் போனார். பின்னால் ஓடிவந்த ஆட்காக் அவரைத் தாண்டிவிட்டார். முன்னால் இருப்பவரைத் தாண்டினால் தாண்டியவர் அவுட். இப்போது 2–0 என்றார்கள். மறுநாள் நேஷனல் லீக் தலைவர் வாரன் ஜைல்ஸ் தீர்ப்புச் சொன்னார்: ஆட்காக்கின் அடி ஹோம் ரன் அல்ல, டபுள் (இரண்டு பேஸ் அடி), மன்டியாவின் ரன்னோடு ஆட்டம் முடிந்தது, 1–0.

ஒரு நாளுக்குள் ஒரே ஆட்டத்துக்கு மூன்று ஸ்கோர். ஆகவே பழைய தாளைக் கையில் எடுத்ததும் தேதியைப் பாருங்கள். இரவு ஆட்டத்தை அவசரமாக அச்சேற்றிய காலைப் பதிப்பு ஒன்று சொல்லும். லீக் அலுவலகத்தின் இறுதிப் பதிவு வேறொன்று சொல்லும். இரண்டும் முரண்பட்டால் பின்னதை ஏற்றுக்கொள்ளுங்கள், முன்னதை எறிந்துவிடாதீர்கள். அன்றிரவு மைதானத்தில் எவ்வளவு குழப்பம் இருந்தது என்பதற்கு அந்தக் காலைத் தாள்தான் சாட்சி.

இரண்டாவது அறிவுரைக்குத் திரும்பிப் போய் மில்வாக்கி கணக்கைப் பாருங்கள். 38-ஆவது அவுட் ஆட்காக். பேஸில் நின்றுபோன அந்த ஒருவர் ஆரன்.

7. வெற்றி, தோல்வி எழுத்தை அப்படியே நம்பாதீர்கள்

பாக்ஸ் ஸ்கோரில் ஒரு பிட்சருக்கு வெற்றி, ஒருவருக்குத் தோல்வி என்று போட்டே ஆக வேண்டும். ஹாடிக்ஸின் வரி இது: இன்னிங்ஸ் 12⅔, ஹிட் 1, ரன் 1, அவர் பொறுப்பில் வந்த ரன் 0, வாக் 1, ஸ்ட்ரைக்-அவுட் 8. பக்கத்தில் தோல்வி.

நல்ல கணக்கர் அநியாயத்தைத் திருத்தப் போவதில்லை. நடந்ததையும் செய்ததையும் தனித்தனிப் பத்தியில் போட்டுவைப்பார். தோல்வி நடந்தது, எழுதினார்கள். எரரில் தொடங்கிய ரன் பிட்சரின் குற்றமல்ல. அதையும் சுழியமாக எழுதினார்கள். படிக்கிறவர்தான் இரண்டு பத்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாக்ஸ் ஸ்கோரில் எனக்குப் பிடித்த நேர்மை இதுதான்.

பருவம் முழுவதற்கும் இதே பாடம் பொருந்தும். 1959-இல் ஹாடிக்ஸ் 12 வெற்றி, 12 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் பொறுப்பில் வந்த ரன் சராசரி 3.13. பர்டெட் 21 வெற்றி, 15 தோல்வி, சராசரி 4.07. வெற்றிப் பத்தியை மட்டும் பார்த்தவர் பர்டெட்டைப் பல படி மேலே வைப்பார்.

அடுத்த ஆண்டுக்கும் போங்கள். 1960 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், பிட்ஸ்பர்க்குக்கு எதிராக நியூயார்க் யாங்கீஸ். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹாடிக்ஸ் உள்ளே வந்தார். அவர் வீசிக்கொண்டிருந்தபோதுதான் யாங்கீஸ் ரன் எடுத்துச் சமன் செய்தது. அடுத்து பில் மஸரோஸ்கி ஹோம் ரன் அடித்து பிட்ஸ்பர்க் 10–9 என வென்றது. வெற்றி பெற்ற பிட்சர் ஹார்வி ஹாடிக்ஸ். பன்னிரண்டு குறையற்ற இன்னிங்ஸுக்குத் தோல்வி, ஓர் இன்னிங்ஸுக்கு உலகத் தொடர் வெற்றி. அந்த எழுத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று இனி நீங்களே முடிவு செய்யுங்கள்.

அதற்காக வெற்றியே பொருளற்றது என்ற முடிவுக்கும் தாவாதீர்கள். 1959 பருவ முடிவில் பிரேவ்ஸும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸும் 86 வெற்றி, 68 தோல்வி என முதலிடத்தில் சமமாக நின்றன. மே 26-இன் அந்த ஒரு ரன் இல்லையென்றால் பிரேவ்ஸுக்குச் சமநிலையே கிடைத்திராது. மேலதிக ஆட்டங்களில் டாட்ஜர்ஸ் ஜெயித்துவிட்டது என்பது வேறு கதை.

8. அந்தக் காலத்து விதியோடு படியுங்கள்

இன்றைய பதிவில் உள்ள பத்திகளை அன்றைய தாளில் தேடி ஏமாறாதீர்கள். ஆட்டத்தைக் காப்பாற்றி முடித்த பிட்சருக்கு சேவ் என்ற கணக்கு 1969-இல்தான் அதிகாரபூர்வமானது. வேண்டுமென்றே கொடுத்த வாக்கைத் தனியே எண்ணத் தொடங்கியது 1955-இல். எத்தனை பந்து வீசினார் என்பது அன்றைய பாக்ஸ் ஸ்கோரின் வழக்கமான அம்சம் அல்ல. புரூக்ளின் டாட்ஜர்ஸ் 1947-இல் ஆலன் ராத் என்ற கனடாக்காரரைப் புள்ளிவிவரத்துக்கென்றே வேலைக்கு வைத்து, பந்துக்குப் பந்து குறிக்கச் செய்தது. அது அணியின் சொந்த உபயோகத்துக்கு.

விதி மாறினால் எண்ணின் பொருளும் மாறும். உயர அடித்து அவுட் ஆனாலும் மூன்றாம் பேஸிலிருப்பவரை ரன் எடுக்க வைத்தால், 1954 முதல் அது அட்-பேட் கணக்கில் சேராது. 1940 முதல் 1953 வரை சேர்ந்தது. டெட் வில்லியம்ஸ் 1941-இல் எடுத்த .406 சராசரி அந்தக் கடுமையான விதியின் கீழ் வந்தது. இரண்டு காலத்து எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் முன் இரண்டு காலத்து விதியையும் ஒப்பிடுங்கள்.

9. பட்டியலில் இல்லாதவரைத் தேடுங்கள்

அன்றைய பிட்ஸ்பர்க் பட்டியலில் வலது ஃபீல்டில் மெஹியாஸ் பெயர் இருக்கிறது. அந்த இடத்துக்கு உரியவர் ராபர்டோ கிளெமென்டே; காயத்தால் ஆடவில்லை. பலத்த அடிக்குப் பேர்போன டிக் ஸ்டுவர்ட் முதல் பேஸில் தொடங்கவில்லை. பத்தாவது இன்னிங்ஸில் மெஹியாஸுக்குப் பதிலாக ஒரு முறை பேட் செய்து அவுட் ஆனார், அவ்வளவுதான். ரன்னில்லாத பன்னிரண்டு சிங்கிளுக்கு இதுவும் ஒரு விளக்கம்.

மெஹியாஸின் இடத்தில் பிறகு ஃபீல்டிங்குக்கு வந்தவர் ஜோ கிறிஸ்டோபர். அட்-பேட் 1, ஹிட் 0. மேஜர் லீகில் அவருக்கு அதுதான் முதல் ஆட்டம். பெரிய ஆட்டத்தின் பதிவில் ஒரு மூலையில் ஒற்றை அட்-பேட்டோடு நிற்கும் பெயர்களைச் சும்மா விடாதீர்கள். ஒவ்வொருவரின் வரியையும் பின்தொடர்ந்தால் வேறொரு ஆட்டம், வேறொரு ஆண்டு திறக்கும்.

10. அட்டவணை வாய் திறக்காத இடத்தை மதியுங்கள்

அன்று ஹாடிக்ஸுக்கு உடம்பு சரியில்லை, சளிக்காய்ச்சலோடு ஆடினார். மில்வாக்கி பிட்சர் பாப் பியூல் பல ஆண்டுகள் கழித்து ஒன்று சொன்னார். அவர்கள் அணியினர் வேலியோரத்தில் இருந்து பைனாகுலர் வழியாக பிட்ஸ்பர்க் கேட்சர் ஸ்மோக்கி பர்ஜெஸ் காட்டும் சைகைகளைப் பார்த்துத் தங்கள் பேட்டர்களுக்குத் தெரிவித்தார்களாம். அடுத்து என்ன பந்து வரும் என்று தெரிந்தும் அடிக்க முடியவில்லை! இதில் ஒன்றுகூட பாக்ஸ் ஸ்கோரில் இல்லை, இருக்கவும் முடியாது.

அடியடியாகத் தெரிய வேண்டுமென்றால் பாக்ஸ் ஸ்கோரை விட்டு ஸ்கோர் ஷீட்டுக்குப் போக வேண்டும். அதில் ஃபீல்டர்கள் எண்ணால் குறிக்கப்படுவார்கள்: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது ஃபீல்ட் 7, நடு 8, வலது 9. இந்த ஒன்பதையும் மனப்பாடம் செய்யுங்கள். ஒரு மாலை போதும். டெலாவர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்த டேவிட் ஸ்மித் 1989-இல் தொடங்கிய ரெட்ரோஷீட் என்ற அமைப்பு, தன்னார்வலர்களைக் கொண்டு பழைய ஸ்கோர் ஷீட்டுகளைத் தேடிச் சேர்த்து, ஆட்டங்களை அடியடியாக மீட்டு எழுதி வருகிறது. எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

11. பட்டத்தையும் எண்ணையும் கலக்காதீர்கள்

ஹாடிக்ஸின் ஆட்டம் நெடுங்காலம் நோ-ஹிட்டர் பட்டியலில் இருந்தது. 1991-இல் பேஸ்பால் ஆணையர் ஃபே வின்சென்ட் தலைமையிலான குழு அதற்கு வரையறை வகுத்தது: ஒன்பது இன்னிங்ஸோ அதற்கு மேலோ ஆடி, முடியும்வரை ஹிட் கொடுக்காமல் இருக்க வேண்டும். பதின்மூன்றாவதில் ஆட்காக்கின் டபுள் விழுந்ததால் ஹாடிக்ஸ் பட்டியலிலிருந்து நீங்கினார். அவரோடு சேர்த்து ஏறத்தாழ ஐம்பது ஆட்டங்கள் நீங்கின.

சிலருக்குக் கோபம் வந்தது. உங்களுக்கும் வரலாம். ஆனால் பதிவைத் திறந்து பாருங்கள்: 12⅔, 1, 1, 0, 1, 8. ஓர் எண்ணும் அசையவில்லை. பட்டம் என்பது பின்னால் வருகிறவர்கள் ஒட்டும் சீட்டு. வரையறை மாறினால் சீட்டும் மாறும். பட்டியலை நம்பிப் படிக்கிறவருக்கு 1991-இல் ஓர் ஆட்டம் தொலைந்தது. பதிவைப் படிக்கிறவருக்கு எதுவும் தொலையவில்லை.

12. கையால் ஒன்று போட்டுப் பாருங்கள்

படித்து முடித்துவிட்டோம் என்று எழுந்துவிடாதீர்கள். பயிற்சிக்கு ஒரு கணக்குத் தருகிறேன். 1956 அக்டோபர் 8, யாங்கீ ஸ்டேடியம், உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். யாங்கீஸ் பிட்சர் டான் லார்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸின் 27 பேட்டர்களையும் வரிசையாக அவுட் ஆக்கினார். புரூக்ளின் கணக்கு போடவே வேண்டாம்: வந்தவர் 27, ரன் 0, பேஸில் நின்றவர் 0, அவுட் 27.

நீங்கள் யாங்கீஸ் பக்கத்தைப் போடுங்கள். அட்-பேட் 26, வாக் 2, சாக்ரிஃபைஸ் 1. ரன் 2, பேஸில் நின்றவர்கள் 3. கணக்கு நேராக வேண்டுமென்றால் அவுட் எத்தனை இருக்க வேண்டும்? ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்துக்கு 27 என்று எழுதினால் இடிக்கும். 24 என்றால்தான் பொருந்தும். அது ஏன் என்று நான் சொல்லப் போவதில்லை. மூன்றாவது அறிவுரையை இன்னொரு முறை படித்துவிட்டு, அந்த ஆட்டத்தின் இன்னிங்ஸ் வரியில் யாங்கீஸுக்கு ஒன்பதாவது கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக என்ன போட்டிருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.